பெயரை விடுங்கள், கூட வந்தவர்களைத் தேடுங்கள்: பென்சில்வேனியா ஜெர்மன் மூதாதை ஒருவரைத் தேடிய அனுபவம்

அமெரிக்கா பிரிட்டிஷ் காலனியாக இருந்தபோது வந்து சேர்ந்த ஜெர்மன் மூதாதை ஒருவரைத் தேடத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, குடும்பப் பெயரை இணையத்தில் தட்டி அந்தப் பெயரோடு எந்தக் கப்பலில் யார் வந்தார் என்று பார்ப்பதுதான். பத்துப் பேர் வருவார்கள். அதில் ஒருவரைப் பிடித்து, இவர்தான் நம்மவர் என்று வம்சாவளியில் சேர்த்துவிடுவார்கள். நான் சொல்ல வருவது இதற்கு நேர் எதிரானது. அந்த ஆளின் பெயர்தான் இருப்பதிலேயே பலவீனமான தடயம். அவரோடு கப்பலில் வந்தவர்கள், அவர் பிள்ளைகளின் ஞானஸ்நானத்தில் பொறுப்பேற்று ஞானப்பெற்றோராக நின்றவர்கள், அவர் நிலத்தை ஒட்டி நிலம் வாங்கியவர்கள், அவர் உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள், இவர்கள்தான் அவரை அவருடைய சொந்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்.

நான் தேடியது என் கணவரின் அம்மா வழிக் குடும்பத்தை. பென்சில்வேனியாவில் பெர்க்ஸ் கவுண்டியில் (கவுண்டி என்பது நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), டல்பஹாக்கன் என்ற ஓடையை ஒட்டிய கிராமங்களில் பல தலைமுறையாக விவசாயம் செய்தவர்கள். மாமியாருக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய தாத்தா சொன்ன ஒரு கதைதான்: மூன்று சகோதரர்கள் ஒரே கப்பலில் ஜெர்மனியிலிருந்து வந்தார்கள், ஒருவர் இங்கேயே தங்கினார், ஒருவர் வர்ஜினியாவுக்குப் போனார், மூன்றாமவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. இந்த மூன்று சகோதரர்கள் கதை அமெரிக்காவில் ஏகப்பட்ட குடும்பங்களில் இருக்கிறது. பொய் என்று தள்ளவும் கூடாது, அப்படியே நம்பவும் கூடாது. குடும்பப் பெயரை இங்கே எழுதவில்லை, அந்தப் பெயரில் இன்றும் நிறையப் பேர் அந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

முதலில் ஒரு பின்னணி. 1683-இல் ஜெர்மன்டவுன் உருவானதிலிருந்தே பென்சில்வேனியாவுக்கு ஜெர்மன் மொழி பேசுபவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். கூட்டம் பெருகியதும் காலனி அரசுக்குக் கவலை வந்தது. 1727 செப்டம்பரில் ஒரு உத்தரவு போட்டார்கள்: ரோட்டர்டாமிலிருந்து வரும் கப்பல்களின் தலைவர்கள் பயணிகள் பட்டியல் தர வேண்டும், 16 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்கள் பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த உத்தரவால்தான் இன்று நமக்குப் பட்டியல்களே கிடைக்கின்றன. பாஸ்டனுக்கோ சார்ல்ஸ்டனுக்கோ போன ஜெர்மன்காரர்களுக்கு இவ்வளவு ஒழுங்கான பதிவு கிடையாது. 1749-இலிருந்து 1754 வரையான ஆண்டுகள்தான் உச்சம், அந்தக் கொஞ்ச காலத்தில் மட்டும் 30,000-க்கும் மேற்பட்டவர்கள் பிலடெல்பியாவில் இறங்கினார்கள். எங்கள் ஆளும் 1749-இல் வந்தவர்தான். ஆனால் அது தெரிய வந்தது கடைசியில், தொடக்கத்தில் அல்ல.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், நம் கையில் உறுதியாக இருக்கும் ஆளிடமிருந்து ஒரு தலைமுறை ஒரு தலைமுறையாகப் பின்னால் போக வேண்டும், அவ்வளவுதான். பென்சில்வேனியாவில் பிறப்பு இறப்புகளை மாநில அளவில் பதிவது 1906-இல்தான் தொடங்கியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் உள்ள எல்லோருடைய பெயரும் வருவது 1850-இலிருந்து, அதற்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டும். அதனால் 1850-க்கு முன்னால் போகும்போது சர்ச் பதிவேடு, உயில், நிலப் பத்திரம், வரிப் பட்டியல், கல்லறைக் கல் இவற்றை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். கல்லறைக் கற்கள் ஜெர்மனில் இருக்கும். பல கற்களில் பிறந்த தேதிக்குப் பதிலாக, இத்தனை வருடம் இத்தனை மாதம் இத்தனை நாள் வாழ்ந்தார் என்றுதான் வெட்டியிருப்பார்கள், கழித்துக் கண்டுபிடிக்க வேண்டியதுதான். மணற்கல் தேய்ந்துபோயிருந்தால் மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போய்ப் பாருங்கள், அல்லது ஒரு கண்ணாடியால் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள், எழுத்து எழுந்து நிற்கும். சுண்ணக்கட்டியைத் தேய்ப்பது, கம்பித் தூரிகையால் சுரண்டுவது இதெல்லாம் தயவுசெய்து வேண்டாம்.

தேதிகளைக் கழிக்கும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பிரிட்டனும் அதன் காலனிகளும் 1752 செப்டம்பரில்தான் புதிய நாட்காட்டிக்கு மாறின, செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. அதற்கு முன் சட்டப்படியான ஆண்டு மார்ச் 25-இல் பிறக்கும். ஜெர்மனியின் புரோட்டஸ்டன்ட் பகுதிகள் 1700-இலேயே மாறிவிட்டன. ஆக ஒரு குழந்தை பிறந்த தேதி இரண்டு ஆவணங்களில் 11 நாள் வித்தியாசத்தில் வந்தால் அது வேறு குழந்தை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

பின்னால் போகப் போக எங்கள் குடும்பத்தில் ஒருவர் கிடைத்தார், அமெரிக்கப் புரட்சிப் போரில் மிலிஷியா என்ற உள்ளூர் மக்கள் படையில் இருந்தவர். 1832-இல் அமெரிக்கக் காங்கிரஸ் பழைய படைவீரர்களுக்கு ஓய்வூதியம் தர ஒரு சட்டம் போட்டது, 1836-இல் விதவைகளுக்கும் வந்தது. விண்ணப்பிக்க வயதுக்கும் திருமணத்துக்கும் சான்று வேண்டும். சிவில் பதிவு இல்லாத காலம், என்ன செய்வார்கள்? வீட்டு பைபிளில் குடும்ப விவரம் எழுதிவைத்த பக்கத்தைக் கிழித்து அனுப்பினார்கள், சிலர் டவுஃப்ஷைன் என்கிற ஞானஸ்நானச் சான்றிதழையே அனுப்பிவிட்டார்கள். பறவையும் துலிப் பூவும் வரைந்து வண்ணம் தீட்டி, அலங்கார எழுத்தில் குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், சிலவற்றில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர், ஞானப்பெற்றோர் யார், ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் யார் என்று எல்லாம் எழுதிய ஒற்றைத் தாள். அந்தக் கோப்புகள் இன்று வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் வசம் இருக்கின்றன, படமெடுத்து இணையத்திலும் போட்டிருக்கிறார்கள். உங்கள் குடும்பத்தில் 1776 வாக்கில் வாலிபராக இருந்த யாராவது இருந்தால், அவர் சண்டையே போடவில்லை என்று வீட்டில் சொன்னாலும் இந்தக் கோப்புகளைத் தேடிப் பாருங்கள். எங்களுக்குக் கிடைத்த சான்றிதழில் தந்தை பெயரும் தாய் பெயரும் இருந்தன, அந்தத் தந்தைதான் நாங்கள் தேடிய ஆள். அதோடு ஞானப்பெற்றோராக ஒரு தம்பதியின் பெயர் இருந்தது. அந்தத் தம்பதியின் குடும்பப் பெயர் மிக அபூர்வமானது. வேலை நிஜத்தில் சூடு பிடித்தது இங்கேதான்.

பெயர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இது புரியாமல் ஒரு அடி நகர முடியாது. ஜெர்மன் வீடுகளில் ஆண் குழந்தைகள் பெரும்பாலோருக்கு முதலில் யோஹான் என்று வைத்து அதன் பின்னால் இன்னொரு பெயர் வைப்பார்கள். அழைப்பது இரண்டாவது பெயரால். யோஹான் கியோர்க், யோஹான் மிஷாயல், யோஹான் பீட்டர் என்று ஒரே வீட்டில் நான்கு யோஹான்கள் இருப்பார்கள், வரிப் பட்டியலில் அவர்கள் ஜார்ஜ், மைக்கேல், பீட்டர் என்று வருவார்கள். ஆனால் யோஹான்னஸ் என்று ஒற்றைப் பெயராக வந்தால் அது அந்தப் பிள்ளையின் உண்மையான அழைப்புப் பெயர், அவர்தான் பிற்பாடு ஜான் ஆவார். அந்த இரண்டாவது பெயர் பெரும்பாலும் ஞானத்தகப்பனிடமிருந்து வந்தது, பெண் குழந்தைக்கு ஞானத்தாயிடமிருந்து. ஒரு குழந்தை இறந்துவிட்டால் அதே பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பதும் சகஜம். பெண்களின் குடும்பப் பெயரோடு இன் என்ற விகுதி சேரும், முல்லர் வீட்டுப் பெண் முல்லரின் என்று எழுதப்படுவார், அதை வேறு குடும்பம் என்று எண்ணிவிட வேண்டாம்.

குடும்பப் பெயர்களின் எழுத்துக்கூட்டல் தனிக் கதை. ஆங்கில எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். ஷ்னைடர் ஸ்னைடர் ஆனார், முல்லர் மில்லர் ஆனார், யுங் யங் ஆனார், சிம்மர்மான் தச்சர் என்ற பொருளை ஆங்கிலத்தில் மாற்றிக்கொண்டு கார்பென்டர் ஆனார். ரைன் பகுதிப் பேச்சில் ப-வும் அதன் அதிர்வொலியும் கலந்தே ஒலிக்கும், க-வும் த-வும் அப்படியே. இதற்கெல்லாம் ஒரே எழுத்து வைத்திருக்கும் தமிழ் படித்தவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும் என்றே நினைக்கிறேன். நான் ஒரு தாளில் எங்கள் பெயரை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாக எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடினேன். பெயரின் முதலெழுத்தே மாறிப் பதிவாகியிருக்கலாம், அதனால் அகரவரிசையில் ஓர் இடத்தில் மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்று திரும்பாதீர்கள்.

கப்பல் பட்டியலுக்கு வருவோம். ஒவ்வொரு கப்பலுக்கும் மூன்று பட்டியல்கள் வரை இருக்கலாம். முதலாவது கப்பல் தலைவர் கொடுத்தது. அதில் பெயர்களைக் கப்பல்காரர்கள் காதால் கேட்டு எழுதியிருப்பார்கள், சிலவற்றில் வயதும் இருக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் பிரமாணப் பட்டியல்கள், இவற்றில் இருப்பது வந்தவர்களின் சொந்தக் கையெழுத்து. எழுதத் தெரியாதவர் பெயரை எழுத்தர் எழுத, அவர் ஒரு பெருக்கல் குறியோ முதலெழுத்தோ போட்டிருப்பார். ஸ்ட்ராஸ்பர்கர், ஹிங்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தப் பட்டியல்களை 1934-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள், இரண்டாம் தொகுதி முழுக்கக் கையெழுத்துகளின் படங்கள்தான். பெரும்பாலானவர்கள் முதல் தொகுதியில் அச்சான பெயரைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். இரண்டாம் தொகுதியைத் திறவுங்கள். உங்கள் ஆள் விட்டுச்சென்ற உயிலிலோ கிரயப் பத்திரத்திலோ அவர் போட்ட கையெழுத்தை எடுத்து இதன் பக்கத்தில் வையுங்கள். ஒரே பெயரில் நான்கு பேர் வெவ்வேறு கப்பல்களில் வந்திருந்தாலும் நான்கு பேரின் கையெழுத்தும் ஒன்றாக இருக்காது. எங்கள் ஆளின் பெயரோடு 1730-களிலிருந்து 1750-கள் வரை பல பேர் வந்திருந்தார்கள். உயிலில் இருந்த கையெழுத்தில் குடும்பப் பெயரின் முதலெழுத்து கீழே ஒரு கொக்கி போட்டு இடப்பக்கம் திரும்பும், வயதான கை என்பதால் நடுக்கமும் தெரியும். அந்தக் கொக்கி 1749 பட்டியலில் இருந்த ஒருவரிடம் மட்டும்தான் இருந்தது. அதற்கு இரண்டு வரி மேலே, சான்றிதழில் ஞானத்தகப்பனாக வந்த அந்த அபூர்வப் பெயர்க்காரர் கையெழுத்துப் போட்டிருந்தார். கையெழுத்து மட்டும் இருந்தால் நான் சந்தேகத்தோடுதான் இருந்திருப்பேன், இரண்டும் சேர்ந்தபோதுதான் நம்பினேன்.

பட்டியலில் பெண்களும் குழந்தைகளும் இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. முதல் பட்டியல்களில் மிகச் சிலவற்றில்தான் அவர்கள் பெயர் வருகிறது. நோயில் படுத்திருந்த ஆண்களும் கையெழுத்துப் போட வரவில்லை. அதனால் பட்டியலில் இல்லை என்பதை வரவில்லை என்று படிக்கக் கூடாது, தனியாகக் கையெழுத்துப் போட்டதால் கல்யாணம் ஆகாதவர் என்றும் படிக்கக் கூடாது.

இன்னொரு விஷயம், பாலட்டைன் என்ற சொல். ஆங்கிலேயர்கள் ஜெர்மன் பேசிய எல்லோரையும் அப்படித்தான் எழுதினார்கள். ரைன் நதிக்கரையின் பாலட்டினேட்டிலிருந்து வந்தவர் மட்டுமல்ல, வூர்ட்டம்பர்க், பாடன், ஹெஸ்ஸன், அல்சாஸ், ஸ்விட்சர்லாந்து எல்லாரும் பாலட்டைன்தான். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பாலட்டினேட் ஊர்களில் மட்டும் தேடினால் ஆள் கிடைக்க மாட்டார்.

நிலப் பதிவுகள் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பென்சில்வேனியாவில் காலனியின் உரிமையாளர்களான பென் குடும்பத்தாரிடமிருந்து நிலம் வாங்க மூன்று கட்டம்: முதலில் நிலத்தை அளக்க உத்தரவு தரும் வாரண்ட், பிறகு சர்வே, கடைசியில் பேட்டன்ட். பேட்டன்டை நம்ம ஊர்ப் பட்டா மாதிரி நினைத்துக்கொள்ளலாம், பலர் அதை வாங்காமலேயே இருபது முப்பது வருடம் உழுது சாப்பிட்டிருக்கிறார்கள். சர்வே வரைபடத்தில்தான் புதையல் இருக்கிறது, நிலத்தைச் சுற்றி நான்கு பக்கமும் யார் யார் நிலம் என்று பெயர் போட்டிருப்பார்கள். ஹாரிஸ்பர்கில் உள்ள மாநில ஆவணக் காப்பகம் இவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. எங்கள் ஆளின் நிலத்துக்குக் கிழக்கே அதே அபூர்வப் பெயர். வடக்கே இருந்தவரும் அதே கப்பல்.

கவுண்டி எல்லை மாறியதையும் கையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டல்பஹாக்கன் பகுதி 1729-இலிருந்து லங்காஸ்டர் கவுண்டியில் இருந்தது, 1752-இல் பெர்க்ஸ் கவுண்டி உருவானதும் அதில் சேர்ந்தது. ஆள் நகரவே இல்லை, அவருடைய காகிதங்கள் மட்டும் இரண்டு ஊர் நீதிமன்றங்களில் பிரிந்து கிடக்கின்றன. உயில் எழுதாமல் இறந்தவர்களுக்கு அனாதைகள் நீதிமன்றம் என்று ஒன்று உண்டு, பெயரைப் பார்த்துக் கடந்துவிடாதீர்கள். தாய் உயிரோடு இருந்தாலும் தந்தை இறந்த பிள்ளைகளின் சொத்து அங்கேதான் பேசப்பட்டது, 14 வயதைத் தாண்டிய பிள்ளைகள் தங்கள் பாதுகாவலரைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம். யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாருங்கள், பெரும்பாலும் தாய்மாமனாகவோ ஞானத்தகப்பனாகவோ இருப்பார்.

சர்ச் பதிவேடுகளில் லூத்தரன், ரிஃபார்ம்ட் என்ற இரண்டு புரோட்டஸ்டன்ட் சபைகளுடையதையும் பார்க்க வேண்டும். பல ஊர்களில் இரு சபையும் சேர்ந்து ஒரே கட்டடம் கட்டி முறைவைத்து ஆராதனை நடத்தினார்கள். பாதிரியார்கள் மிகக் குறைவு, குதிரையில் ஊர் ஊராகப் போனவர்கள். யோஹான் காஸ்பர் ஸ்டோவர் என்ற லூத்தரன் பாதிரியார் 1730-இலிருந்து 1779 வரை தாம் கொடுத்த ஞானஸ்நானங்களையும் நடத்திய திருமணங்களையும் தம் சொந்தக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார், டல்பஹாக்கன் பக்கம் தேடும் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. மெனனைட், ஆமிஷ் குடும்பங்கள் என்றால் குழந்தை ஞானஸ்நானமே கிடையாது, அவர்களுக்கு இந்த வழி பயன்படாது, நிலத்தையும் உயிலையும்தான் நம்ப வேண்டும்.

இதைத் தேடும்போதுதான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்து ஒருநாள் முழுக்க வேறு வேலை ஓடவில்லை. பென்சில்வேனியா லூத்தரன் சபைகளை ஒழுங்குபடுத்திய ஹைன்ரிஷ் மெல்கியோர் மூலன்பர்க் 1742-இல் வந்தவர், ஜெர்மனியின் ஹாலே நகரத்து ஃபிராங்கே நிறுவனத்தால் அனுப்பப்பட்டவர். அதே ஹாலேயில் படித்த சீகன்பால்க்தான் 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கியவர், தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர். மூலன்பர்க்கையும் முதலில் இந்தியாவுக்கு அனுப்பத்தான் யோசனை இருந்தது. ஹாலேயின் காப்பகத்தில் தரங்கம்பாடியிலிருந்து போன தமிழ் ஓலைச்சுவடிகளும் இருக்கின்றன, பென்சில்வேனியா காடுகளிலிருந்து மூலன்பர்க் எழுதிய கடிதங்களும் இருக்கின்றன. மூலன்பர்க் மணந்தது டல்பஹாக்கனில் குடியிருந்த கான்ராட் வைசரின் மகளை, எங்கள் குடும்பத்துக்கு அக்கம்பக்கம். என் பிள்ளைகளின் தாய்வழி, தந்தைவழி ஊர்கள் இரண்டுக்கும் ஒரே வீட்டிலிருந்து கடிதம் போயிருக்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது, இன்னும் படுகிறது.

சரி, கடல் தாண்டும் கட்டம். ஜெர்மனியில் எந்த ஊர் என்று தெரியாமல் அங்கே தேட முடியாது. ஜெர்மனிக்கென்று ஒரே பட்டியல் கிடையாது, அப்போது ஜெர்மனி என்ற ஒரு நாடே கிடையாது. ஊர்வாரியாகத்தான் பதிவேடு. அனெட் பர்கெர்ட் என்ற ஆய்வாளர் ஜெர்மன் சர்ச் பதிவேடுகளையும் பென்சில்வேனியா பதிவேடுகளையும் குடும்பம் குடும்பமாகப் பொருத்தித் தொகுதிகள் வெளியிட்டார், 1983-இல் வந்த முதல் தொகுதி தென்மேற்கு ஜெர்மனியின் வடக்குக் கிரைஷ்காவ் பகுதியைப் பற்றியது. எங்கள் ஆள் அதில் இல்லை. அபூர்வப் பெயர்க்காரர் இருந்தார், ஊர்ப் பெயரோடு. பாடன், வூர்ட்டம்பர்க் புரோட்டஸ்டன்ட் பதிவேடுகள் ஆர்கியோன் என்ற தளத்தில் கட்டணத்துக்குக் கிடைக்கின்றன, மாதக் கணக்கில் சந்தா எடுக்கலாம். சந்தா போடும் முன் தேட வேண்டியதையெல்லாம் எழுதித் தயாராக வைத்துக்கொண்டு போடுங்கள். கத்தோலிக்கப் பதிவேடுகள் என்றால் மாட்ரிகுலா தளத்தில் நிறைய இலவசமாக இருக்கின்றன. வம்சாவளித் தேடலுக்கான ஃபேமிலிசர்ச் தளத்தையும் விட்டுவிட வேண்டாம்.

பதிவேடு குர்ரென்ட் என்ற பழைய கையெழுத்து முறையில் இருக்கும். முதல் பக்கத்தைப் பார்த்ததும் சோர்ந்துபோகாதவர்கள் யாரும் இருக்க முடியாது. எனக்கு உதவிய வழி இது: அகரவரிசை அட்டவணையை மனப்பாடம் செய்வதை விட, அந்தப் பாதிரியார் எழுதிய பக்கங்களில் நமக்கு முன்பே தெரிந்த பெயர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். மரியா, மார்கரெட்டா, யோஹான், பார்பரா. இந்த நான்கு பெயரிலேயே பாதி எழுத்துகள் வந்துவிடும். அதை வெட்டி ஒட்டி அவர் கைக்கென்று ஒரு தனி அட்டவணை செய்துகொண்டால் பிறகு வாசிக்க வரும். பாதிரியார் மாறியதும் அட்டவணையும் மாற வேண்டும். மாதப் பெயரை ஓர் எண்ணும் அதன் பின்னால் ஒரு விகுதியுமாகச் சுருக்கி எழுதியிருந்தால் கவனம், அது லத்தீன் எண்ணுப் பெயர்ப்படி வருவது: 7 என்ற எண்ணோடு வருவது செப்டம்பர், 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர்.

அந்த ஊர்ப் பதிவேட்டில் எங்கள் ஆளின் திருமணம் கிடைத்தது, 1730-களின் கடைசியில். மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர் அந்த அபூர்வப் பெயர். அபூர்வப் பெயர்க்காரர் மனைவியின் அண்ணன். மூன்று சகோதரர்கள் கதை எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது: வந்தவர்கள் ஒரு மாப்பிள்ளையும் மைத்துனர்கள் இருவரும். இளைய மைத்துனர்தான் ஷெனந்தோவா பள்ளத்தாக்கு வழியாக வர்ஜினியாவுக்குப் போனவர். தாத்தா சொன்னதில் எண்ணிக்கையும் திசையும் சரி, உறவு மட்டும் மாறியிருந்தது. மாமியார் இதைக் கேட்டு முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, பிறகு அந்தக் குடும்பத்துப் பெண்கள் யாரையும் கதையில் சேர்க்காமல் விட்டதால்தான் இப்படி ஆகியிருக்கிறது என்று சொன்னார். நான் அதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன்.

ஊரில் ஆள் கிடைத்தவுடன் கொண்டாடிவிடக் கூடாது, அவர் அங்கேயே செத்துப்போகவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். இதை நிறையப் பேர் செய்வதில்லை. இணையத்தில் உலவும் வம்சாவளிகளில் ஜெர்மன் ஊரிலேயே புதைக்கப்பட்டவர்களைப் பென்சில்வேனியாவில் பிள்ளை பெற வைத்திருக்கிறார்கள். கப்பல் கிளம்பிய ஆண்டுக்குப் பிறகு அந்த ஊர் இறப்புப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா, அந்தத் தம்பதிக்கு அதற்குப் பிறகும் அங்கே ஞானஸ்நானம் நடந்திருக்கிறதா, இரண்டையும் வரி வரியாகப் பார்க்க வேண்டும். சில பாதிரியார்கள் ஓரத்தில் பென்சில்வேனியாவுக்குப் போய்விட்டார் என்று குறித்து வைத்திருப்பார்கள், எங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் மைத்துனர் பெயர் அருகே இருந்தது. அரசாங்கப் பதிவுகளும் உண்டு. அந்தப் பகுதிகளில் குடியானவர்கள் பலர் பிரபுவுக்குக் கட்டுப்பட்ட அடிமைக்குடிகள், ஊரை விட்டுப் போக விடுதலைப் பணம் கட்ட வேண்டும், எடுத்துப்போகும் சொத்தில் பத்தில் ஒரு பங்கு வரியும் கட்ட வேண்டும். காசு வாங்கியதற்குக் கணக்கு எழுதியிருப்பார்கள் அல்லவா, அது கார்ல்ஸ்ரூஹ, ஸ்பையர் காப்பகங்களில் இருக்கிறது. கட்டாமல் இரவோடிரவாகப் போனவர்களும் உண்டு.

திருமணத்துக்குப் பின் அந்த ஊரில் நான்கு குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் நடந்திருக்கிறது. 1749 வரை அந்த நான்கில் யாருக்கும் அங்கே இறப்புப் பதிவு இல்லை. பென்சில்வேனியாவில் இரண்டு பேர்தான் வருகிறார்கள். நடுவில் உள்ள தூரத்தை யோசித்துப் பாருங்கள். ரைன் நதியில் சுங்கச் சாவடி சாவடியாக நின்று நின்று வாரக்கணக்கில் ரோட்டர்டாம், அங்கே காத்திருப்பு, பிறகு இங்கிலாந்தின் கவ்ஸ் துறைமுகத்தில் சுங்கம், அப்புறம் இரண்டு மூன்று மாதம் கடல். கோட்லீப் மிட்டல்பெர்கர் என்பவர் 1750-இல் இதே வழியில் வந்து, திரும்பிப் போய் 1756-இல் எழுதினார்: ஒன்றிலிருந்து ஏழு வயது வரையுள்ள குழந்தைகள் இந்தப் பயணத்தில் தப்புவது அபூர்வம் என்றும், பாதி வழிக்கு மேல் கடந்தபின் இறந்தவர்களின் கட்டணத்தையும் உயிரோடு இருப்பவர்கள் கட்ட வேண்டும் என்றும். மக்கள் கிளம்பிப் போகாமல் தடுக்க எழுதிய புத்தகம் அது, அதை மனதில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும். ஆனாலும் கட்டணம் கட்ட முடியாதவர்கள் சில வருட உழைப்பை விற்று அதை அடைத்ததும், பிள்ளைகள் 21 வயது வரை வேறொரு வீட்டில் வேலை செய்யக் கட்டுப்பட்டதும் உண்மை. அப்படிப் பிரிக்கப்பட்ட பிள்ளை வேறு கவுண்டியில் வேறு மதச் சபையில் வளர்ந்திருக்கலாம். மற்ற இரண்டு குழந்தைகளும் கடலில் போனார்களா, வேறு வீட்டுக்குப் போனார்களா என்று சொல்ல 1749-க்கு உழைப்பு ஒப்பந்தப் பதிவேடு இல்லை. பிலடெல்பியா மேயர் அலுவலகத்தின் விரிவான பதிவேடு 1771-இலிருந்து 1773 வரைக்கானது. நீங்கள் தேடுபவர் அந்த வருடங்களில் வந்தவர் என்றால் அதைத்தான் முதலில் பாருங்கள்.

பிரிந்துபோன பிள்ளைகளைத் தேடி ஜெர்மன் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுப்பார்கள். கிறிஸ்டோபர் சாவர் ஜெர்மன்டவுனில் 1739-இலிருந்து நடத்திய பத்திரிகை, ஹென்றி மில்லர் பிலடெல்பியாவில் 1762-இலிருந்து நடத்தியது, இரண்டிலும் அண்ணன் தம்பியைத் தேடுகிறார், தாய் மகளைத் தேடுகிறாள் என்று வரும், பெரும்பாலும் ஜெர்மன் ஊர்ப் பெயரோடு. இவற்றின் சுருக்கம் ஆங்கிலத்திலும் அச்சாகியிருக்கிறது. எங்கள் பெயரில் எதுவும் வரவில்லை. உங்களுக்கு வரலாம், ஒரே விளம்பரத்தில் ஊர் கிடைத்துவிடும்.

மரபணுச் சோதனை பற்றிக் கேட்பார்கள். ஏழெட்டுத் தலைமுறைக்கு முந்தைய ஒருவரிடமிருந்து நம்மிடம் ஒன்றுமே வந்து சேராமலும் இருக்கலாம். அதோடு இந்தக் கிராமங்களில் அதே குடும்பங்கள் திரும்பத் திரும்பப் பெண் கொடுத்து எடுத்திருக்கின்றன, பொருத்தம் வந்தாலும் எந்த வழியாக என்று சொல்ல முடியாது. ஆண் வழி ஒய் குரோமோசோம் சோதனை, காகிதம் முடிந்த இடத்தில் ஒரு கிளையை உறுதி செய்ய உதவும். காகிதத்துக்கு மாற்று அல்ல. குடும்பச் சின்னம், கேடயம் வரைந்து சட்டம் போட்டு விற்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். விடுதலைப் பணம் கட்டி வந்த குடியானவர்களுக்குக் கேடயம் எதற்கு.

இப்போது மனைவி வழியில் பின்னால் போய்க்கொண்டிருக்கிறோம். முப்பதாண்டுப் போரில் கிரைஷ்காவ் பகுதி கிட்டத்தட்டக் காலியாகிவிட்டது, 1648-க்குப் பிறகு ஸ்விட்சர்லாந்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் வந்து குடியேறினார்கள். அந்த அபூர்வப் பெயரின் முதல் பதிவில் பெர்ன் பகுதியிலிருந்து வந்தவர் என்று பாதிரியார் எழுதியிருக்கிறார். பெர்ன் மாநிலக் காப்பகம் தன் பழைய சர்ச் பதிவேடுகளைப் படமெடுத்து இலவசமாக இணையத்தில் போட்டிருக்கிறது, கணக்குத் தொடங்கக்கூட வேண்டாம். ஊர்ப் பெயரை மட்டும் சரியாக வாசித்தாக வேண்டும், பாதிரியார் அதை அரை வரியில் சுருக்கி எழுதிவிட்டார், இரண்டு ஊர்கள் பொருந்துகின்றன. மாமியார் ஒன்றை வாசிக்கிறார், நான் மற்றொன்றை. இரண்டு பேருமே முதலில் ஞானப்பெற்றோர் வரிசையைத்தான் பார்க்கிறோம்.